பாப்பாவோடு ஊர் மாறலாமா? வக்கீலம்மா பதில்கள்

இந்த மாதக் கடிதங்களில் ஓசூர், பாலக்கோடு, பென்னாகரம், கிருஷ்ணகிரி என்று நாலு ஊரிலிருந்து நாலு பேர் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இருக்கிறது, பிரிந்துவிட்டோம், இனி குழந்தை யாரிடம், எந்த ஊரில்? கேட்கவே கூச்சப்பட்டு "என் தோழிக்காகக் கேட்கிறேன்" என்று ஆரம்பித்த கடிதமும் இதில் உண்டு. தோழிக்கோ உங்களுக்கோ, பதில் ஒன்றுதான். பெயர்களை எடுத்துவிட்டேன், அடையாளம் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: ஓசூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், வயது 29. கூட வேலை பார்த்தவரோடு ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகளுக்கு நாலு வயது, பிறப்புச் சான்றிதழில் அவர் பெயரும் இருக்கிறது. போன வருஷம் பிரிந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாப்பாவைப் பார்த்துவிட்டுப் போவார். இப்போது எனக்குக் கோயம்புத்தூரில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது, என் அக்கா குடும்பமும் அங்கேதான். இதைச் சொன்னதும், "என் கையெழுத்து இல்லாமல் பாப்பாவை மாவட்டத்தைத் தாண்டிக் கூட்டிப் போனால் கடத்தல் கேஸ் போடுவேன்" என்கிறார். நான் போகலாமா, கூடாதா?

பதில்: போகலாம். கடத்தல் கேஸ் என்பது சும்மா மிரட்டல். ஆனால் அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். "கல்யாணம் செய்துகொள்ளவில்லை" என்கிறீர்களே, அது நிஜமாகவே நிஜமா? ஏன் கேட்கிறேன் என்றால், என்னிடம் வருகிறவர்களில் பலர் ரெஜிஸ்டர் பண்ணாததையே கல்யாணம் ஆகாதது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால், "ஒரு கோயில்ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மாலை மாத்திக்கிட்டோம், அவ்வளவுதான்க்கா" என்பார்கள். தமிழ்நாட்டில் அது "அவ்வளவுதான்" இல்லை. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சொந்தக்காரர்களோ நண்பர்களோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் கல்யாணம் கல்யாணம்தான், ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம். வழக்கறிஞர் ஒருவர் நண்பர் என்ற முறையில் முன்னின்று நடத்திவைத்தாலும் செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் அந்த மாதிரி எதுவும் நடந்திருந்தால் மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கணக்கே மாறிவிடும்.

எப்படி மாறும்? இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் (கார்டியன்) சட்டம் என்று 1956-ல் வந்தது ஒன்று இருக்கிறது. அதன் 6-வது பிரிவில், கல்யாணமான பெற்றோருக்குப் பிறந்த குழந்தை என்றால் இயற்கையான காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா, ஐந்து வயது வரை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். (அந்த "பிறகு" என்ற சொல்லுக்கு அப்பா செத்த பிறகு என்று மட்டும் அர்த்தம் பண்ணக் கூடாது என்று 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு கதை.) கல்யாணம் ஆகாதவர்களின் குழந்தை என்றால் அதே பிரிவு தலைகீழாகிறது: முதலில் அம்மா, அவருக்குப் பிறகுதான் அப்பா. அந்தக் குழந்தையைக் குறிக்கச் சட்டப் புத்தகம் பயன்படுத்துகிற சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுபது வருஷமாகியும் அதை மாற்றாமல் வைத்திருப்பது நம் நாட்டுக்கு அசிங்கம். ஆனால் வேடிக்கை பாருங்கள், தாலி கட்டாத அம்மாவுக்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் சட்டம் தாலி கட்டிய அம்மாவுக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறது.

பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருப்பது அவர்தான் அப்பா என்பதற்கு ஆதாரம். அதை வைத்து உங்களைத் தாண்டி அவர் காப்பாளர் ஆகிவிட முடியாது. பாப்பாவுக்கு ஜீவனாம்சம் கேட்கும்போது உங்களுக்குத்தான் அது கைகொடுக்கும். கடத்தல் என்பது, சட்டப்படியான காப்பாளரின் பொறுப்பிலிருந்து குழந்தையை அவர் சம்மதம் இல்லாமல் கொண்டுபோவது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 137-வது பிரிவு. காப்பாளரே நீங்கள் என்கிறபோது உங்களிடமிருந்தே எப்படிக் கடத்துவீர்கள்? அவர் மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் கூப்பிடுவார்கள், போங்கள், பயந்து ஓடி ஒளியாதீர்கள். சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஆனால் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஸ்டேஷனுக்குக் கிடையாது. "இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போம்மா" என்றால் படிக்காமல் போடாதீர்கள்.

இப்போது ஊர் மாறுகிற விஷயம். நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாதவரை நீங்கள் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, கோயம்புத்தூர் என்றாலும் கன்னியாகுமரி என்றாலும். இரண்டே இரண்டு நிலைமைகளில்தான் வேண்டும். அவர் 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தில் மனு போட்டு (கோர்ட்டில் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள்), குழந்தையை வெளியூர் கொண்டுபோகக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வாங்கிவிட்டால், அல்லது நீதிமன்றமே உங்களைக் காப்பாளராக நியமித்திருந்தால், அந்த நீதிமன்ற எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும், 26-வது பிரிவு. சம்மன் வந்த மறுநாள் பெட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறுவது மட்டும் வேண்டவே வேண்டாம், நீதிபதி அதைத்தான் முதலில் கவனிப்பார்.

சட்டம் இடம் கொடுக்கிறது, சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடுகிற குழந்தை அது. அந்த ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்யப் போகிறீர்கள்? வீடு மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே அவருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். எந்தத் தேதியில் போகிறீர்கள், எங்கே வீடு, எந்தப் பள்ளிக்கூடம், எந்த நாட்களில் அவர் வந்து பார்க்கலாம், வீடியோ காலில் எத்தனை மணிக்குப் பேசலாம் என்று எழுதுங்கள். திட்டு ஒரு வரி கூட வேண்டாம், ஒருநாள் நீதிபதி அதைப் படிப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். ஓசூரிலிருந்து தருமபுரி, சேலம் வழியாகக் கோயம்புத்தூருக்கு நேர் ரயிலே இருக்கிறது, ஏறக்குறைய பாதி வழி சேலம், மாதம் ஒருமுறை சேலத்தில் சந்திக்கலாம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். வேலை கிடைத்த அம்மா குழந்தையை ஆஸ்திரேலியாவுக்கே கூட்டிப் போகலாம் என்று 2010-ல் விக்ரம் வீர் வோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் விட்டது. அவர்கள் கல்யாணமாகி விவாகரத்தானவர்கள்தான், ஆனால் நியாயம் ஒன்றுதான்: வேலைக்காகப் போகிற அம்மாவிடம் வேலையா குழந்தையா என்று கேட்கக் கூடாது, அப்பா பார்க்கிற வழியையும் அடைக்கக் கூடாது.

காவேரிப்பட்டணம் பக்கத்து ஜோடி ஒன்று ஞாபகம் வருகிறது. இருவரும் நேரில் பேசினால் சண்டை, போனில் பேசினால் அதைவிடச் சண்டை. யார் சொன்ன யோசனையோ, பையனின் ஸ்கூல் பைக்குள் நாற்பது பக்கக் கோடு போடாத நோட்டு ஒன்றை வைத்தார்கள். "சளி இருக்கு, ராத்திரி மருந்து 5 மி.லி., ஐஸ் வேண்டாம்" என்று அம்மா எழுதி அனுப்புவார், "கொடுத்தாச்சு, பல்லு ஒண்ணு ஆடுது" என்று அப்பா எழுதித் திருப்பி அனுப்புவார். அப்புறம் கேஸ் வந்தபோது நான் கொண்டுபோன கட்டுக் காகிதத்தில் நீதிபதி நிதானமாகப் புரட்டியது அந்த நோட்டை மட்டும்தான். அப்பா எழுதிய கடைசிப் பக்கத்தில் பையன் ஒரு லாரி வரைந்து வைத்திருந்தான்.

ஒன்று விட்டுப் போச்சு. நான் சொன்ன 1956-ம் வருஷச் சட்டம் இந்துக்களுக்கு. நீங்கள் கிறிஸ்தவரோ இஸ்லாமியரோ என்றால் 1890-ம் வருஷச் சட்டத்தின்படி போக வேண்டும், அங்கேயும் குழந்தையின் நலன்தான் கடைசிப் பேச்சு.

கேள்வி: சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஆபரேட்டர். அவளும் நானும் எட்டு வருஷம் ஒன்றாக இருந்தோம், பையனுக்கு ஏழு வயது, பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஓசூர். மூணு மாசத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் பையனைக் கூட்டிக்கொண்டு பெங்களூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள். கல்யாணம் பண்ணாததால் எனக்கு உரிமையே இல்லை என்கிறார்கள். ஸ்கூல் வாசலில் நின்று கூட்டி வந்துவிடலாம் என்கிறார் என் மாமா.

பதில்: தம்பி, முதலில் மாமாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். கடத்தல் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தானே அப்பா என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறவர், தப்பான நோக்கம் இல்லாமல் குழந்தையைக் கொண்டுபோனால் அது கடத்தல் ஆகாது. இது தெரிந்த சில பேர் இதையே தைரியமாக வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். ஜெயிலுக்குப் போகாமல் தப்பிக்கலாம், ஆனால் கஸ்டடி கேஸில் தோற்றுப்போவீர்கள். ஏழு வயதுப் பையன் தன் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க நடுவில் நின்றதை ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

உரிமையே இல்லை என்பது பொய். அம்மாவுக்கு முதல் இடம், உங்களுக்கு அடுத்த இடம். அதைவிட முக்கியம், முதல் பதிலில் சொன்ன 1956-ம் வருஷச் சட்டத்தின் 13-வது பிரிவு குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலே என்கிறது, முதல் இடமும் இரண்டாம் இடமும் அதற்குக் கீழேதான். அதனால் நீங்கள் கஸ்டடியும் கேட்கலாம், பார்க்கும் உரிமையும் கேட்கலாம். என் யோசனை, முதலில் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள், இடைக்காலமாகவே கிடைக்கும். 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், அம்மா அப்பா இருவரின் அன்பும் குழந்தைக்கு வேண்டும், நேரில் முடியாதபோது வீடியோ காலிலாவது பேச வழி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

அடுத்த சிக்கல் எந்தக் கோர்ட் என்பது. குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்தில்தான் மனு போட வேண்டும். ஏழு வருஷம் ஓசூரில் இருந்து மூணு மாசம் பெங்களூரில் இருக்கிற பையன் "சாதாரணமாக வசிப்பது" எங்கே? இன்றைக்கு ஓசூர் என்று வாதாட இடம் இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து, அவன் அங்கே வகுப்பு மாறி, கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்கு நண்பர்கள் கிடைத்த பிறகு வாதாட முடியாது. அதனால் இந்த மாதமே வக்கீலைப் பாருங்கள். அத்திப்பள்ளி என்னவோ உங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ் தூரம்தான், ஆனால் கோர்ட் கணக்கில் அது வேறு மாநிலம். கர்நாடகத்தில் நடக்கிற வழக்கைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் டெல்லியில் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம்.

பணம் இல்லை என்று கடிதக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். இலவச சட்ட உதவி பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் அதிகம். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 12-வது பிரிவைப் படித்தால், தொழிற்சாலைத் தொழிலாளியும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் பண்ணுங்கள்.

ஆதாரம் சேருங்கள். ஸ்கூல் ஃபீஸ் ரசீது, ஜிபே கட்டிய பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு, பேரன்ட்ஸ் மீட்டிங்கில் போட்ட கையெழுத்து. நீங்கள் அப்பாவே இல்லை என்று அவர் மறுத்தால்தான் டி.என்.ஏ. பேச்சு வரும், அதையும் கேட்டவுடன் நீதிமன்றம் கொடுத்துவிடாது. அப்புறம் ஒரு விஷயம், இதை அழுத்திச் சொல்கிறேன்: "பார்க்க விடல, அதனால பணம் அனுப்பல" என்று எழுதியிருக்கிறீர்களே, நாளைக்கே அனுப்புங்கள். அவர் கணக்கில் வாங்கவில்லையென்றால் மணியார்டரில் அனுப்புங்கள், திரும்பி வந்தால் அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் குழந்தைக்குச் சோறு போட வேண்டியது அப்பா கடமை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் 144. பையனைப் பார்க்க விடாததற்குப் பையன் சாப்பாட்டையா நிறுத்துவது?

கேள்வி: பென்னாகரம் பக்கத்துக் கிராமம். மூணு வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தில் இருபது ரூபாய் பத்திரத்தில், "குழந்தை அப்பா வீட்டில் வளரட்டும், அம்மா இனி உரிமை கேட்கக் கூடாது" என்று எழுதி என்னிடம் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். மகளுக்கு இப்போது ஆறு வயது. கூட்டிப் போக முடியுமா? (தோழிக்காகக் கேட்டது.)

பதில்: அந்தப் பத்திரம் உங்களையும் கட்டுப்படுத்தாது, நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. குழந்தையை இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க அது என்ன காணி நிலமா? அதை எழுதிய பெரியவர்களில் யாராவது அந்தக் குழந்தைக்கு ஒருநாள் தலை பின்னிவிட்டிருப்பார்களா? தருமபுரி நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண் என்றால் வருமானம் பார்க்காமல் வக்கீல் கொடுப்பார்கள்.

ஆனால் நல்ல செய்தியை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மூணு வயதிலிருந்து பாட்டி மடியில் தூங்கிப் பழகிய குழந்தையை ஒரே வாய்தாவில் பிய்த்து உங்கள் கையில் யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. நீதிபதி உங்களிடம் பிரிவு எண் கேட்க மாட்டார், "ராத்திரி ஷிப்ட்ல இருக்கும்போது பாப்பாவை யார் பாத்துக்குவாங்க? தங்கியிருக்கிறது ஹாஸ்டலா, தனி வீடா?" என்று கேட்பார். அதற்குப் பதில் இல்லாமல் போனால், முதல் இடம் உங்களுக்கு என்று சட்டம் சொல்வதெல்லாம் எடுபடாது. முதலில் ஒரு அறை வாடகைக்குப் பிடியுங்கள், பகல் ஷிப்ட் கேளுங்கள், பக்கத்துப் பள்ளியில் விசாரியுங்கள். மனுவில் கஸ்டடி கேளுங்கள், கூடவே இடைக்காலமாக வாரக் கடைசியும் பள்ளி விடுமுறையும் உங்களிடம் இருக்கட்டும் என்று கேளுங்கள். முதல் தடவை அவள் அழுவாள். உங்களிடம் வர மறுக்கலாம். அதை உங்கள் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பாட்டியையும் திட்டாதீர்கள். பள்ளி மாற்றும் சமயத்தில் டி.சி. தர இழுத்தடித்தால், எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்காமல் இருக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தில் 5-வது பிரிவு.

கேள்வி: கிருஷ்ணகிரி. நான் நர்ஸ், வளைகுடாவில் வேலை கிடைத்திருக்கிறது. மகனின் அப்பா அவன் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார், இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு அவர் கையெழுத்து வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2016 டிசம்பரில் விதியை மாற்றினார்கள், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அம்மா பெயர் மட்டும் போதும், தனியாக வளர்ப்பதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழிலும் அப்படித்தான், கல்யாணமாகாத அம்மா பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், அப்பா பெயரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, காப்பாளர் உத்தரவு கேட்கும்போது அவருக்கு நோட்டீஸ் போக வேண்டிய கட்டாயமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் ஏபிசி என்றே பெயர் மறைத்து நடந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் "அப்பா பெயர்க் கட்டத்தை நிரப்பும்மா" என்றால் கோபப்படாமல் அந்தத் தீர்ப்பின் நகலை நீட்டுங்கள், நான் இரண்டு பேருக்கு அப்படிக் கொடுத்தனுப்பி வேலை முடிந்திருக்கிறது.

விசா வேறு விஷயம். குழந்தையைக் கூட்டிவரும் அம்மாவிடம் நீதிமன்றக் காப்பாளர் உத்தரவு கேட்கும் நாடுகள் உண்டு, கம்பெனி ஆளிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். கேட்பார்கள் என்றால் கிளம்புவதற்கு முந்தின வாரம் என்னிடம் ஓடி வராதீர்கள், அந்த மனு முடிய மாதக்கணக்கில் ஆகும். ஒரிஜினல் பிறப்புச் சான்றிதழில் பையன் பெயர் இன்னும் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, முதல் வேலையாக நகராட்சியில் போய் அதை ஏற்றுங்கள்.